14 தப்படி தொலைவில் ஒரு சுவிட்ச்: தூசி உறிஞ்சியை இயக்க மலிவான வழி தேடிய மரப்பட்டறை

பின்னணி

நால்வர் வேலை செய்யும் ஒரு மரப்பட்டறையில் நடந்தது இது. உரிமையாளரே மூத்த தச்சர். அவருக்குக் கீழே இரண்டு தச்சர்களும் ஓர் இளம் உதவியாளரும் இருந்தனர். மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம், பட்டை ரம்பம் ஆகிய மூன்றிலிருந்தும் கிளம்பும் மரத்தூளை இழுத்துக்கொள்ள, 1.5 குதிரைத்திறன் மோட்டார் கொண்ட ஒற்றைப் பை தூசி உறிஞ்சி ஒன்று இருந்தது. டஸ்ட் கலெக்டர் என்று சொல்வோமே, அதுதான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குழாய்க் கிளை போகிறது. அந்தந்தக் கிளையை மூடித் திறக்க இழுக்கும் தகட்டுக் கதவும் உண்டு.

இரைச்சல் பொறுக்காமல் உறிஞ்சியைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தார்கள். அதன் சுவிட்ச் அதன் உடம்பிலேயே இருந்தது. ரம்பத்தின் முன் நிற்பவர் அதைப் போட வேண்டுமென்றால், பலகை அடுக்கைச் சுற்றிக்கொண்டு 14 தப்படி நடக்க வேண்டும். அணைக்க மறுபடியும் 14.

நான் மின்பணி செய்கிறவன். ரம்பத்தைப் போடும்போது எப்போதாவது எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) விழுகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். தூசி உறிஞ்சியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

கண்டவை

எம்.சி.பி. விழுந்ததன் காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ரம்பமும் உறிஞ்சியும் ஒரே சுற்றில் இருந்தன. இரண்டு மோட்டார்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பினால், தொடக்க மின்னோட்டம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து எம்.சி.பி.யைத் தள்ளிவிடும். உறிஞ்சிக்குத் தனிச் சுற்று இழுத்துக்கொடுக்க முடிவு செய்தோம்.

அந்த வேலைக்காக அன்று மாலைவரை அங்கே இருந்தேன். அப்போது வேறொன்று கண்ணில் பட்டது. காலையில் மட்டும் ரம்பம் 14 முறை ஓடியது. அதில் 3 முறை மட்டுமே உறிஞ்சியும் ஓடியது, அவை மூன்றும் நீண்ட பலகைகளை வரிசையாக அறுத்த நேரங்கள். ஒற்றை வெட்டுக்காக ரம்பத்தைப் போட்ட ஒருவரும் உறிஞ்சிப் பக்கம் போகவில்லை. ஏன் என்று இளைய தச்சரிடம் கேட்டேன். "இரண்டு வெட்டுதானே அண்ணா, போய் வருவதற்குள் வேலையே முடிந்துவிடும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. வெட்டுக்கு 10 நொடி, சுவிட்சுக்கு 30 நொடி என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். இதைச் சோம்பல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உழைக்கிறவர் தன் கால்களை அளந்து செலவிடுகிறார், அவ்வளவுதான். பிற்பகலில் இழைப்பு இயந்திரத்தில் நின்ற மற்றொரு தச்சர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். மதியம் போட்ட உறிஞ்சியை மாலைவரை அணைக்கவே இல்லை. இழைக்காத நேரத்திலும் அது ஓடியது. இரைச்சல் தாங்காமல் உதவியாளர் காதில் துணி திணித்துக்கொண்டிருந்தார்.

மேசை ரம்பத்தின் அடித்தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். மேலே கரடுமுரடான தூள். அதன் அடியில் மாவுபோல ஒரு படலம், விரல் ரேகைக்குள்ளேயே இறங்கிக்கொண்டது. கவலைப்பட வேண்டியது அந்தப் படலத்தைப் பற்றித்தான். பெரிய தூள் தரையில் விழும், பெருக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி ரம்பம் நின்ற பிறகும் வெகுநேரம் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் 1995-ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது. மூக்கின் உட்குழியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது. உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சுவிட்சைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவர என்ன ஆகும்?" என்று கேட்டார்.

முதல் முடிவு

அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். செலவு குறைவாக இருக்க வேண்டும், வேலை நிற்கக் கூடாது, இயந்திரங்களைப் பிரிக்கக் கூடாது.

மோட்டார் வயரையே ரம்பம்வரை இழுத்து அங்கே ஒரு சுவிட்ச் வைக்கலாம். ஆனால் அது ரம்பத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் உதவும். மாடிப்படி விளக்குபோல இரண்டு இடத்தில் போட்டு அணைக்கும் முறையை அவரே கேட்டார். அந்தச் சுவிட்சுகள் விளக்குக்கு ஏற்றவை, மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்க மாட்டா. கூரையிலிருந்து கயிறு தொங்கவிட்டு இழுக்கும் சுவிட்சும் பேச்சில் வந்தது. நீண்ட பலகையைத் திருப்பும்போது கயிறு சிக்கும் என்று மூத்த தச்சரே மறுத்துவிட்டார்.

கடைசியில் ரிமோட் பிளக்கைத் தேர்ந்தெடுத்தோம். சுவர் சாக்கெட்டில் செருகி, அதில் உறிஞ்சியின் பிளக்கைச் செருகிவிட்டால் போதும். சாவிக்கொத்து அளவில் ஒரு ரிமோட் வரும். மேலே 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. உறிஞ்சியின் தகட்டில் 8 ஆம்பியர் என்று இருந்தது. இரு மடங்கு இடைவெளி இருக்கிறதே என்று நானும் ஒப்புக்கொண்டேன். இந்த ஆய்வில் பதிவு செய்ய வேண்டிய முதல் பிழை அது, அதைச் செய்தவன் நான்.

ஆறு வாரங்களில் நடந்தது

முதல் நாளிலிருந்தே பழக்கம் மாறிவிட்டது. ரிமோட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒற்றை வெட்டுக்குக்கூட உறிஞ்சி ஓடியது. இழைத்து முடித்ததும் அணைத்தார்கள். யாரும் யாரையும் கண்டிக்கவில்லை, அறிவிப்புப் பலகை எதுவும் மாட்டவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒருநாள் உறிஞ்சி அணையவில்லை. ரிமோட்டை அழுத்தினால் பிளக்கின் சிறு விளக்கு அணைகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. உதவியாளர் ஓடும் மோட்டாரின் பிளக்கைக் கையால் பிடுங்கினார். நீலப் பொறி பறந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பிளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். சாக்கெட் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் வேறொரு சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச். அதன் மூடியை அறுத்துப் பார்த்தால், இரண்டு தொடுமுனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கத்தி முனையை நுழைத்து நெம்பினேன். டக்கென்று விட்டது. ஒரு முனையில் குழி விழுந்திருந்தது, மறு முனையில் அதே அளவு மேடு. பற்றவைத்த இடம்போலவே இருந்தது. சுற்றிலும் மெல்லிய மரத்தூள்.

காரணம் மோட்டாரின் இயல்பில் இருக்கிறது. ஓடும்போது 8 ஆம்பியர் எடுக்கும் அதே மோட்டார், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 5 முதல் 7 மடங்குவரை இழுக்கும். என் கிளாம்ப் மீட்டர் 46 ஆம்பியர் காட்டியது. கனமான விசிறிச் சக்கரம் வேகம் பிடிக்க ஏறத்தாழ 3 நொடி ஆனது, அதுவரை மின்னோட்டம் உயர்ந்தே நின்றது. ரிலேயின் தொடுமுனைகள் சேரும் கணத்தில் சில முறை துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு சிறு பொறி, அதில் உலோகம் சற்று உருகும். உருகிய இடத்தின் வழியாக 46 ஆம்பியர் பாய்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிளக்கில் அச்சிட்டிருந்த 16 ஆம்பியர் ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு, மோட்டாருக்கு அது பொருந்தாது. பெரிய சுமைகளுக்கான கனத்த ரிலேக்களை கான்டாக்டர் என்போம், அவற்றில் இந்த வேறுபாட்டைத் தகட்டிலேயே குறித்திருப்பார்கள். ஏசி-1 என்றால் ஹீட்டர் போன்ற சுமை, ஏசி-3 என்றால் மோட்டார். மலிவான ரிமோட் பிளக்குகளில் அப்படி எதுவும் இருப்பதில்லை.

இன்னும் பெரிய ரிலே உள்ள ரிமோட் பிளக் வாங்கலாமா என்று கேட்டார்கள். ஒப்பவில்லை. குறைமின்கடத்தி ரிலேயையும் யோசித்தேன். அதில் துள்ளும் முனைகள் கிடையாது, ஆனால் சூடாகும், வெப்பம் போக்கும் உலோகத் தகடு வேண்டும், பழுதானால் பெரும்பாலும் சேர்ந்த நிலையிலேயே நின்றுவிடும். தூசி நிறைந்த இடத்தில் சூடான பொருளைப் பெட்டிக்குள் அடைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது முடிவு: சுமையும் கட்டளையும் தனித்தனி

மோட்டாரின் மின்சாரத்தைச் சுமப்பது ஒரு வேலை, போடு என்று சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே சிறு ரிலேயிடம் கொடுத்ததுதான் முதல் தவறு. எனவே சுமப்பதற்கு ஏசி-3 பிரிவில் 12 ஆம்பியர் கான்டாக்டர் ஒன்றைப் போட்டோம். அதன் காயில், அதாவது தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கும் காந்தச் சுருள், 24 வோல்ட்டில் இயங்குவது. சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்று அந்த 24 வோல்ட்டைத் தருகிறது. கான்டாக்டர் சேரும் கணத்தில் காயில் பல மடங்கு இழுக்கும் என்பதால், அதையும் தாங்கும் அளவில் டிரான்ஸ்பார்மரை எடுத்தோம். பட்டறையைச் சுற்றிப் போகும் பொத்தான் வயர்களில் 24 வோல்ட் மட்டுமே இருப்பதால், எங்காவது உளி பட்டு வயர் அறுந்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லை.

கான்டாக்டருக்குக் கீழே, மோட்டார் அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயை, தகட்டில் இருந்த 8 ஆம்பியருக்கு வைத்தோம். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்த ஓவர்லோடு ரிலே மும்முனை மோட்டாருக்காகச் செய்தது. ஒருமுனை மோட்டாருக்கு இரண்டு வழிகளை மட்டும் பயன்படுத்தி மூன்றாவதை வெறுமனே விட்டால், ஒரு முனை அறுந்துவிட்டதாக எண்ணிக் காரணமில்லாமல் விழும். அதனால் ஒரு வயரை ஒரு வழியில் அனுப்பி, வெளியே வந்ததை மடக்கி மூன்றாவது வழியிலும் நுழைத்தோம். மூன்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடும்.

பழைய ரிமோட் முறையை முழுவதும் கைவிடவில்லை. தொடுமுனைகள் மட்டும் உள்ள இரட்டை ரிமோட் ரிலே ஒன்று வாங்கினோம். இப்போது அது சுமப்பது காயிலின் மின்சாரம் மட்டும், சேர்ந்த பிறகு அரை ஆம்பியருக்கும் குறைவு. இழைப்பு இயந்திரத்தின் அருகில் ஒரு பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வைத்தோம். பச்சைப் பொத்தானை விட்ட பிறகும் கான்டாக்டர் தன் துணைத் தொடுமுனையால் தன்னையே பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும். மீண்டும் வந்தால் யாராவது அழுத்தாமல் ஓடாது. எல்லாவற்றையும் ரப்பர் விளிம்பு வைத்த தூசி புகாத பெட்டிக்குள் அடைத்தோம்.

மொத்தச் செலவு ரிமோட் பிளக்கைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வந்தது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தானியங்கி அமைப்போடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

பை மாற்றும்போது நடந்தது

இரண்டு வாரம் கழித்து உதவியாளர் நிரம்பிய பையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதே நேரம் ரம்பத்தின் அருகே மூத்த தச்சர் குனிந்தார். கழுத்தில் தொங்கிய ரிமோட் மேசை விளிம்பில் அழுந்தியது. உறிஞ்சி கிளம்பியது. உதவியாளரின் முகத்தில் தூள் அடித்தது, கண்ணைக் கழுவ வேண்டியதாயிற்று. கை மட்டும் விசிறிச் சக்கரத்தின் அருகே இருந்திருந்தால் என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

தொலைவிலிருந்து இயக்கும் எந்த அமைப்பிலும் இந்த ஆபத்து இருக்கிறது. சுவிட்ச் உறிஞ்சியின் உடம்பில் இருந்தவரை, பை மாற்றுபவரே சுவிட்சுக்குக் காவலாக இருந்தார். அந்தக் காவலை நாங்கள் எடுத்துவிட்டோம், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. மறுநாளே உறிஞ்சிக்குப் பக்கத்துச் சுவரில், மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும், பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் ஒன்றைப் பொருத்தினேன். பையைத் தொடுவதற்கு முன் அதைத் திருப்பிப் பூட்ட வேண்டும். சாவி ஒன்றே ஒன்று.

தானாக ஓடச் செய்தல்

ரிமோட் அடிக்கடி காணாமல் போயிற்று. மேசை ரம்பத்துக்காவது உறிஞ்சி தானாக ஓடினால் நல்லது என்று உரிமையாளர் கேட்டார். ரம்பத்தின் வயரில் மின்னோட்ட உணரி ஒன்றை மாட்டினோம். ரம்பம் ஓடினால் அதன் சிறு தொடுமுனை சேரும். அதை மாட்டிய இளைய தச்சர் முழு வயரையும் வளையத்துக்குள் நுழைத்திருந்தார், உணரி அசையவே இல்லை. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு வயர்தான் வளையத்துக்குள் போக வேண்டும்.

ரம்பம் வேகம் பிடித்து 3 நொடி கழித்து உறிஞ்சி கிளம்பும்படியும், ரம்பத்தை அணைத்து 10 நொடி கழித்து நிற்கும்படியும் டைமர் வைத்தோம். அந்த 10 நொடி குழாய்க்காக அல்ல. குழாயில் காற்று நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடினால் 6 மீட்டர்க் கிளை ஒரு நொடிக்குள் காலியாகிவிடும். அணைத்த பிறகும் சுழன்றபடி தூசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் ரம்பத் தகடு நிற்பதற்குத்தான் அந்த நேரம்.

முதல் நாள் உறிஞ்சி கிளம்பியது, ஆனால் நிற்கவில்லை. டைமர் விட்டாலும் கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட பிடிப்புச் சுற்றேதான் தடை. பிடிப்பைக் கான்டாக்டரிலிருந்து எடுத்து ஒரு சிறு துணை ரிலேயில் வைத்தேன். பொத்தானோ ரிமோட்டோ அந்தத் துணை ரிலேயைப் பிடிக்கும், டைமர் தனியாக நிற்கும். இரண்டில் எது சேர்ந்தாலும் உறிஞ்சி ஓடும், இரண்டும் விட்டால் நிற்கும். ஆனால் இந்த அமைப்பில் சிவப்புப் பொத்தானை அழுத்தி விட்டால், டைமர் உடனே மறுபடி கிளப்பிவிடும். ஆகவே சிவப்பை, அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடும் காளான் தலைப் பொத்தானாக மாற்றினோம்.

அடுத்த வாரம் மோட்டார் உடம்பில் கை வைக்க முடியாத சூடு. சிறு வெட்டுகள் தொடர்ந்த ஒரு பிற்பகலில் உறிஞ்சி மணிக்கு 20 முறைக்கு மேல் கிளம்பியிருந்தது. அதன் தகட்டில் எஸ்1 என்று இருந்தது. தொடர்ந்து ஓடுவதற்கான மோட்டார் அது, அடிக்கடி கிளம்புவதற்கு அல்ல. ஒவ்வொரு தொடக்கமும் சுருளைச் சூடாக்குகிறது. 10 நொடியை 2 நிமிடமாக நீட்டினேன். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையில் உறிஞ்சி ஓடிக்கொண்டே இருந்தது, சூடு தணிந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின்

மற்றொரு வேலையாகப் போனபோது மீண்டும் ரம்பத்தின் அடித்தட்டைப் பார்த்தேன். தூள் பழையபடி கிடந்தது. உறிஞ்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரம்பத்துக்குப் போகும் குழாயின் தகட்டுக் கதவு மூடியிருந்தது, இழைப்பு இயந்திரத்தின் கதவு திறந்திருந்தது. சத்தம் கேட்கிறதே, உறிஞ்சி வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். முன்பு ரம்பத்திலிருந்து நடந்து போன சில முறைகளில், போகும் வழியில் கதவையும் திறந்துவிட்டுத்தான் போவார்களாம். நடையை ஒழித்ததில் அந்த நினைவூட்டலும் போய்விட்டது.

அன்றே பட்டை ரம்பம், இழைப்பு இயந்திரம் இரண்டின் கதவுகளிலும் காந்தமும் ரீட் சுவிட்சும் பொருத்தினோம். கதவை முழுவதும் இழுத்தால் காந்தம் சுவிட்சுக்கு நேரே வந்து உறிஞ்சியைக் கிளப்பும், மூடினால் நிறுத்தும். அழுத்தும் சிறு சுவிட்சுகளை வைக்காததற்குக் காரணம், அவற்றின் இடுக்கில் தூள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ரீட் சுவிட்ச் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டது. அதன் முனைகள் மிக மெல்லியவை, கான்டாக்டர் காயிலை நேராகக் கொடுத்தால் ரிமோட் பிளக்குக்கு நேர்ந்ததே நேரும். அதனால் இடையில் இன்னொரு சிறு ரிலே வைத்தோம். மேசை ரம்பத்தில் உணரி அப்படியே இருக்கிறது, அதன் கதவை மட்டும் எப்போதும் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

ஒரு குறை தெரிந்தே மிஞ்சியிருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது மின்சாரம் போய் வந்தால் உறிஞ்சி தானாகக் கிளம்பும். வெட்டும் இயந்திரங்கள் எதுவும் அப்படிக் கிளம்பாது என்பதாலும், ஐசொலேட்டர் பூட்டு இருப்பதாலும் ஏற்றுக்கொண்டோம்.

மீண்டும் செய்வதானால்

ரிமோட் பிளக்கில் தொடங்க மாட்டேன். கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, 24 வோல்ட் காயில், பூட்டும் ஐசொலேட்டர், இந்த நான்கையும் முதல் நாளே போடுவேன். ஐசொலேட்டர் இல்லாமல் தொலைவுச் சுவிட்சை இயக்கிக் காட்டவே மாட்டேன்.

கட்டளைக்கு முதலில் கதவுகளைத்தான் பார்ப்பேன். உணரிக்கு முன்பே அதைச் செய்திருந்தால் மூடிய கதவோடு மூன்று மாதம் ஓடியிருக்காது. கதவைத் திறப்பது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை, உறிஞ்சியைக் கிளப்பும் வேலையையும் அதனிடமே கொடுத்துவிடலாம். இரண்டு இயந்திரம் மட்டுமே உள்ள, செலவு செய்ய முடியாத பட்டறை என்றால், கான்டாக்டரோடு ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு ஜோடிப் பொத்தான் போதும். ரிமோட்டும் வேண்டாம், உணரியும் வேண்டாம்.

அன்று காலை எண்ணியதைப் போல ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் எண்ணியிருக்க வேண்டும். மூடிய கதவு அப்போதே தெரிந்திருக்கும்.

இப்போது அங்கே ஐசொலேட்டரின் சாவி ஒரு சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது. பை மாற்றும் நாளில் அதை உதவியாளர் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்கிறார். மூத்த தச்சர் கேட்டால்கூட, புதுப் பையைக் கட்டி முடித்த பிறகே தருகிறார்.